கீப்பர் இல்லாத ஆட்டம்

வியாசர்பாடி மைதானத்தில் வாரம் மூன்று நாள் காலையில், நாற்பதைக் கடந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து கால்பந்து ஆடுவார்கள். பயிற்சியாளர் செலினுக்கு முப்பத்தொரு வயது. அதிக கோல் போடும் கஜேந்திரனுக்கு நாற்பத்தெட்டு.

ஒரு ஞாயிறு அவர் ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார்.

“மேடம், மூணு மாசமா ஒரு ஆட்டம் விடாம ஓடுறேன். சர்க்கரை குறையல, கூடியிருக்கு. அடுத்த தடவையும் இப்படின்னா இன்சுலின்தான்னு டாக்டர் சொல்லிட்டார். இதே சர்க்கரையிலதான் எங்கப்பாவுக்குக் காலை எடுத்தாங்க. நான் என்ன தப்பு பண்றேன்?”

செலின் காகிதத்தைப் படித்தார், மடித்துக் கொடுத்தார். பிறகு கீப்பர் நூருல்லாவைக் கூப்பிட்டார்.

“அண்ணே, நீங்க வெளிய உட்காருங்க. இன்னிக்கு சார் டீமுக்கு கீப்பர் கிடையாது.”

“ரிப்போர்ட் அவருக்கு, தண்டனை எனக்கா?” என்று கேட்டபடி நூருல்லா போய் உட்கார்ந்தார்.

இடைவேளையில் கஜேந்திரன் கட்சி இரண்டு போட்டு நான்கு வாங்கியிருந்தது.

“கீப்பரைக் குடுங்க மேடம்.”

“இன்னும் வேகமா ஓடுங்க சார்.”

ஓடினார். பனியன் பிழிய வேர்த்தது. மொத்தம் நான்கு கோல், நான்கும் அவர் போட்டவை. எதிர்க்கட்சி ஒன்பது போட்டு ஜெயித்தது.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வாசலில் நிற்கும் தள்ளுவண்டிக்குப் போனார்கள். கோலுக்கு ஒரு வடை என்பது அவர்கள் வழக்கம். தோற்றாலும் உண்டு. நூருல்லா நான்கு வடையைச் சாம்பாரில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார். கூடவே, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ.

“சாப்பிடுங்க தலைவா. தோத்ததுக்குத் தனியா திட்டுறேன்.”

கஜேந்திரன் தட்டை வாங்கிக்கொண்டு செலினிடம் போனார்.

“நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.”

“ஒன்பது கோல் எப்படி விழுந்துச்சு சார்?”

“தடுக்க ஆள் இல்ல.”

செலின் தட்டைப் பார்த்தார். “இங்க?”

கஜேந்திரன் தட்டை நூருல்லாவிடமே திருப்பிக் கொடுத்தார். டீயையும்.

“அப்போ பட்டினியா வீட்டுக்குப் போகவா?”

செலின் கடைக்காரரிடம் திரும்பினார். “சாருக்கு ரெண்டு அவிச்ச முட்டை. ஒரு மோர்.”

“நாலு கோல் போட்ட மனுஷனுக்கு ரெண்டே முட்டையா?” என்றார் நூருல்லா, வடையை மென்றபடி.

“இது கோலுக்கு இல்லண்ணே,” என்றார் செலின். “ஓடின காலுக்கு.”