கைக்கு எட்டாத தண்ணீர்

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னது மிக்கேலம்மா அத்தை. என் மூத்தவனுக்குப் பால்பல் விழத் தொடங்கிய வருஷம், மாதா கோயிலில் நவநாள் ஜெபம் முடிந்து கடற்கரை வழியாக நடந்து வரும்போது சொன்னாள். அப்போதெல்லாம் தூத்துக்குடிக் கரையில் பாய்த்தோணிகள் வரிசையாக நிற்கும். அத்தை ஒவ்வொன்றையும் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே பேசுவாள்.

கஸ்பார் என்று ஒரு தோணி முதலாளி. வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். வெள்ளிக்கிழமை தவறாமல் கடலோரத்துச் சின்னச் சிலுவைக் கோயிலான குருசடிக்குப் போய் இஞ்ஞாசி சாமியாரிடம் ஜெபம் படிப்பார். சாமியார் அவரைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் குரு குருதானே.

கிறிஸ்மஸுக்கு முன்னால் எந்தத் தோணி முதலில் கொழும்பு போய்ச் சேருகிறதோ, அந்த முதலாளிக்கு அங்கே மாலையும் வெடியுமாக வரவேற்பு நடக்கும். வருஷம் முழுக்க அவர்தான் 'முதல் தோணிக்காரர்'. கஸ்பாரின் அப்பாவுக்குக் கடைசிவரை அந்தப் பேர் வாய்க்கவில்லை. இந்த வருஷம் தான் வாங்கிவிடுவது என்று கஸ்பார் இருந்தார். அதுவும் இரண்டு தோணிச் சரக்கை ஒரே தோணியில் கொண்டுபோய்.

சரக்கு ஏற்றி முடித்ததும், தீர்த்தம் தெளிக்கச் சாமியாரை அழைத்து வந்தார்.

"பார்த்துக் காலை வைங்க சாமி. எங்க பார்த்தாலும் மூட்டை. எங்களுக்குத்தான் படுக்க இடமில்ல" என்றான் தொபியாஸ். அவன்தான் தண்டல், தோணியை ஓட்டிப் போகிறவன். கஸ்பாருடைய மனைவிக்குத் தம்பி.

"கொழும்புல போய்ப் படுத்துக்க, மாப்ள."

"வழியிலயே படுத்திருவோம் போலிருக்கு, அத்தான்."

ஆட்கள் சிரித்தார்கள். கஸ்பாரும் சிரித்தார்.

ஆபத்தென்றால் இறக்குவதற்காக மேல்தட்டில் கட்டியிருந்த சின்ன வள்ளத்தைச் சாமியார் பார்த்தார். அதிலும் மூட்டைகள்.

"சும்மா கிடக்கிற இடம்தானே சாமி" என்றார் கஸ்பார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "போன வருஷம் சில்வேரா தோணி முழுகிப் போச்சு. போன ஒருத்தனும் திரும்பல. இந்தக் கடலுக்கு ஏன் சாமி இரக்கமே இல்ல?"

சாமியார் வள்ளத்து மூட்டையைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"வீட்டு ஓட்டம் ஆச்சா?" என்று கேட்டார்.

அது அந்தக் கரையின் வழக்கம். தோணி கொழும்புக்குப் புறப்படுமுன் முதலாளி தன் பெண்டாட்டி பிள்ளைகளை அதில் ஏற்றி, வெளிச்சவீடு வரை போய்த் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்கள் பாயைத் தொடுவார்கள்.

"நேத்தே ஆச்சு சாமி. மிட்டாயெல்லாம் கொடுத்தாச்சு."

"சரக்கோடயா?"

"வெறுந்தோணியில. சரக்கு ஏத்திட்டா பிள்ளைங்க எங்க உட்காரும்? இப்பல்லாம் எல்லாரும் அப்படித்தான்."

"உங்க அப்பா காலத்துல?"

கஸ்பாரின் முகம் இளகிவிட்டது.

"அப்பல்லாம் சரக்கோடதான் சாமி. மூட்டை மேல உட்கார்ந்து போவோம். அம்மா இலையில கட்டின புட்டைப் பிரிப்பா. வெங்காய வாசம், தார் வாசம், புட்டு வாசம் எல்லாம் ஒண்ணா வரும். நான் தட்டோரத்துல குப்புறப் படுத்துத் தண்ணியைத் தொடப் பார்ப்பேன். அம்மா என் கால்சட்டையைப் பிடிச்சுக்குவா. எவ்வளவு எக்கினாலும் எட்டாது. அழுவேன். அப்பா சுக்கான் பக்கத்துல நின்னு சிரிப்பார். அந்தச் சிரிப்பு இன்னும் காதுலயே இருக்கு."

"இப்ப தொட்டுப் பாரு."

"இப்பவா?"

"இப்பத்தான்."

கஸ்பார் கூச்சத்தோடு பட்டுச்சட்டைக் கையை மடக்கிவிட்டுத் தட்டோரத்தில் குனிந்தார்.

"முதலாளி மீன் பிடிக்கப் போறாரு டோய்!" என்று ஒருவன் கத்தினான்.

எக்காமலே கை மணிக்கட்டுவரை நனைந்தது. கஸ்பார் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அப்ப என் கை சின்னது, சாமி."

"ஆமா. ஜெசிந்தா கையும் சின்னதுதான். அவளைக் கூப்பிடு."

ஜெசிந்தா கஸ்பாரின் சின்ன மகள். தீர்த்தச் செம்பைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றிருந்தாள். தன் பேரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"நானும் வரட்டா அப்பா?"

ஏறுபலகையில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

"ஏறாதே!"

கஸ்பார் போட்ட சத்தத்தில் குழந்தை செம்பை நழுவவிட்டாள். தீர்த்தம் பலகையில் கொட்டி வழிந்தது. தட்டில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அப்படியே நின்று கஸ்பாரைப் பார்த்தார்கள்.

"அத்தான்..." என்றான் தொபியாஸ்.

பக்கத்துத் தோணியில் பாய் விரிந்தது. கரையில் கூட்டம் கைதட்டிற்று. கொழும்புக்கு முதல் தோணி கிளம்பிவிட்டது. கஸ்பார் அந்தப் பாயைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நனைந்த கையை அவர் துடைக்கவே இல்லை.

பிறகு அவரே போய் வள்ளத்திலிருந்த முதல் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார். பாதிவழியில் நின்று கேட்டார்:

"எவ்வளவு இறக்கணும், சாமி?"

சாமியார் குனிந்து, உருண்டு கிடந்த செம்பை எடுத்து ஜெசிந்தாவின் கையில் கொடுத்தார்.

"எனக்கென்ன தெரியும், கஸ்பார்? இவளைக் கூப்பிட உனக்கு மனசு வர்ற வரைக்கும் இறக்கு."

அத்தை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, நின்றிருந்த தோணிகளைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது கடல்மேல் போயிருந்தால் பேரைச் சொல்லுங்கள். இன்றைக்கு ஜெபமாலை சொல்லும்போது சேர்த்துக்கொள்கிறேன்.