கம்பளி உதிர்ந்த விசாரணை

ஒரு காட்டில், குழந்தைகளே, ஆடுகள் கூட்டமாக வந்து குடியேறின. குளிர்ந்த மலையிலிருந்து இறங்கி வந்த கம்பளி ஆடுகள். அங்கே இருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலையே இல்லாத அந்தக் காட்டுக்குப் ‘புதுமலை’ என்று பெயரும் வைத்துவிட்டன. எங்கோ நின்று வேடிக்கை பார்த்தவன்போல் சொல்கிறேன், பாருங்கள்! அந்த மந்தையில் நானும் ஒருவன். என் பெயர் செவலை.

கோடை வந்தது. எங்கள் மந்தையில் கம்பளி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கியது. கம்பளி என்பது மலைத்தெய்வம் போர்த்திவிட்டது என்று எங்கள் வேதம் சொல்லும். தெய்வம் தந்தது தானாக உதிருமா? யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று முடிவு செய்தோம். யோசித்தெல்லாம் முடிவு செய்யவில்லை. ஓர் ஆடு சொன்னது, மற்றவை தலையாட்டின.

அந்தக் காட்டில் மருதாயி என்றொரு தேவாங்கு இருந்தது. எங்கள் குட்டிகளுக்கு வயிறு உப்பினால் பச்சிலை பறித்துத் தரும். ஆனால் அதற்குக் கண்கள் பெரிது. நாங்கள் தூங்கும் நேரத்தில் விழித்திருக்கும். போதாதா? பிடித்துவிட்டோம்.

விசாரிக்க மலையிலிருந்து நீதிபதி வந்தார். பெயர் முறுக்குக்கொம்பர். அவருடைய கம்பளி தரையில் புரளும். எங்கள் வழக்கப்படி விசாரணை ஏழு நாள், உச்சிவேளையில், நிழலே இல்லாத பாறைமேல் நடக்க வேண்டும். மலைக் குளிருக்காக ஏற்பட்ட வழக்கம் அது. முதலைகள் கிடக்கும் ஆற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த புதுமலைப் பாறையிலோ அப்பளம் பொரிக்கலாம். ஆனாலும் வழக்கத்தை விட முடியுமா?

“நீதானே இவங்க கம்பளியை உதிர வச்சே?” என்று கேட்டார் முறுக்குக்கொம்பர்.

மருதாயிக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. “நான் இல்ல சாமி, வெயிலு. இந்த ஊரு வெயிலுக்குக் கம்பளி நிக்காது” என்றது.

“தெய்வம் குடுத்ததை வெயில் எடுக்குமா? இது தெய்வ நிந்தனை! இப்ப உன்மேல ரெண்டு குற்றம். சாட்சி யாரு?”

முந்திக்கொண்டு வந்தது நான்தான். “இது ராத்திரியில முணுமுணுன்னு ஓதுச்சு ஐயா! என் கண்ணால பார்த்தேன்” என்றேன். நான் எதையும் பார்க்கவில்லை. படுத்தால் விடியும்வரை குறட்டை விடுகிறவன் நான். ஆனால் மந்தை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாளே நீதிபதிக்கு மூச்சு வாங்கியது. “போதும். கீழே முதலைங்ககிட்ட தள்ளிவிடுங்க” என்றார்.

மருதாயி கை கூப்பியது. “விசாரணை ஏழு நாளாச்சே சாமி. மிச்ச நாலு நாளு எனக்கு வரணுமே. உங்க வழக்கத்தை நீங்களே மீறலாமா?”

நீதிபதிக்கு ரோஷம் வந்துவிட்டது. “நானா மீறுவேன்? ஏழு நாளும் உட்காருவேன்!” என்றார்.

ஆறாம் நாள் உச்சிவேளையில் காதைச் சொறிந்தார். ஒரு கொத்துக் கம்பளி குளம்போடு வந்தது. உடம்பை உலுக்கினார். பாதி முதுகு காலி. சற்று நேரத்தில் எங்கள் நீதிபதி உரித்த கோழிபோல் நின்றார்.

“ஐயோ சாமி, சூனியம் உங்களையும் பிடிச்சிருச்சா? சூனியம் பட்டவங்க நீதிபதியா இருக்கலாமா?” என்று கேட்டது மருதாயி.

முறுக்குக்கொம்பர் கொஞ்சமும் தயங்கவில்லை. “சூனியமா? எவன் சொன்னான்? இது அருள்! தனக்குப் பிடிச்சவங்க கம்பளியைத் தெய்வம் திரும்ப வாங்கிக்குது. மருதாயி, நீ போகலாம்!”

“அருள்! அருள்!” என்று மந்தை கத்தியது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன் நான்.

கத்தியிருக்கக் கூடாது. மந்தை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. வெட்கத்தில் உங்களிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். பகலெல்லாம் புதர் நிழலில் படுத்துக் கிடப்பவன் நான். என் உடம்பில் ஒரு மயிர்கூட உதிரவில்லை.

“இவனுக்கு மட்டும் ஏன் அருள் வரல?” என்றார் நீதிபதி.

“ராத்திரியில இவன் ஓதினதை என் கண்ணால பார்த்தேன்” என்றது என் பக்கத்து ஆடு. அவனும் குறட்டை விடுகிறவன்தான்.

என்னைப் பாறை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கீழே முதலைகள் வாயைத் திறந்தன. இறங்கிப் போய்க்கொண்டிருந்த மருதாயி நின்றது. பேசாமல் போயிருந்தாலே என் கதை முடிந்திருக்கும்.

“இது சூனியம் இல்ல சாமி, சோம்பேறித்தனம்” என்றது. “நாலு நாளு இவனை வெயில்ல நிக்க வைங்க. உங்க அருள் தானா வரும்.”

மந்தை சிரித்தது. நீதிபதியும் சிரித்துவிட்டு என்னை விட்டார். நாலு நாள் நின்றேன், எல்லாம் உதிர்ந்தது. ஐந்தாம் நாள் மன்னிப்புக் கேட்க மருதாயியின் மரத்தடிக்குப் போனேன். எவ்வளவோ சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தால் ‘மே’ என்றுதான் வந்தது.

நீதி: ஊரோடு சேர்ந்து ஒருவர்மேல் பொய்ப்பழி சொன்னால், அந்தப் பழி நம்மிடம் வந்து சேர அதிக நாள் ஆகாது.