வீடியோ எடுக்கையில் பேசக் கூடாது

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று செங்கமலத்துக்குப் பயம். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. மடத்துத் துறவி திலகவதி அம்மையின் முன் உட்கார்ந்து மூன்று தடவை ஆரம்பித்தாள், மூன்று தடவையும் நிறுத்தினாள். அம்மை அவளைவிடப் பத்து வயது சின்னவர். அவசரப்படுத்தவில்லை.

செங்கமலம் சமைக்கிற பங்களாவில் நேற்று மத்தியானம் விருந்து. முதலாளி மகன் நிகில், நீச்சல் குளம் கழுவ வந்த மாசிலாமணியை ஆழத்தில் தள்ளிவிட்டான். கூட்டாளிகள் நாலு பேரும் போனில் படம் பிடித்தார்கள். மாசிலாமணிக்கு நீச்சல் தெரியாது.

“கையக் காலை அடிச்சார் அம்மா. ‘அங்கிள், சூப்பரா நடிக்கிறீங்க’ன்னுச்சு ஒரு பொண்ணு. அடங்கினப்புறம் நிகில் சொல்றான், வீடியோவுல முகம் சரியா விழலையாம். போலீஸ் வந்துட்டுப் போன கையோட பீட்சா வரவழைச்சுத் தின்னுச்சுங்க. மனுசப் பிறவியா அதுங்க? அதுங்களுக்கா நான் சோறு ஆக்கிப் போட்டேன்?”

“நீங்க எங்க நின்னீங்க?”

“ஜூஸ் தட்டோட பக்கத்துலதான்.”

“கத்தினீங்களா?”

செங்கமலம் முந்தானையைத் திருகினாள். “வீடியோ எடுக்கையில வேலைக்காரங்க சத்தம் போடக் கூடாதும்மா. அந்த வீட்டுச் சட்டம். மிக்ஸியைக்கூட நிறுத்திடுவேன்.”

அம்மை தன் போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். மறு கை விரலைப் பக்கத்தில் எரிந்த விளக்குச் சுடரில் வைத்தார்.

செங்கமலத்தின் வாய் தானாக மூடிக்கொண்டது. தோல் கருகும் வாடை வந்தது. அவள் கண்ணில் நீர் கொட்டியது. சத்தம் வரவில்லை.

அம்மை விரலை எடுத்தார். போனைத் திருப்பிக் காட்டினார். அது அணைந்துதான் இருந்தது.

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “குடிச்சிட்டுத் தானா விழுந்தார்னு ஸ்டேஷன்ல சொல்லச் சொல்றார் முதலாளியோட வக்கீல். இல்லேன்னா என்னையே மாட்டிவிடுவாராம். பத்திரமா இருக்க நான் என்னம்மா செய்யணும்?”

“நேத்து செஞ்சதையே செய்ங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே.”

செங்கமலம் எழுந்தாள். வக்கீல் அனுப்பிய கார் வாசலில் நின்றது. அதைத் தாண்டி நடந்து மாசிலாமணியின் தெருவுக்குப் போனாள். சாவுப் பந்தலில் அத்தனை பேர் நடுவிலும் நின்று, தள்ளியவன் பேரைச் சொன்னாள். பெண்கள் அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அந்தக் கூட்டத்தோடேயே ஸ்டேஷனுக்குப் போனாள்.