பன்னிரண்டு கனல் கற்களும் ஒரு சுணங்கி இலையும்

குளிர்காலம் வந்தால் பற்கள் தந்தியடிக்கும் ஒரு காட்டில், மலையடிவாரத்தில் ஒரு குகை இருந்தது. குகைக்குள் ஒரு பெரிய குழி. குழி நிறையத் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் பன்னிரண்டு கனல் கற்கள்.

அந்தக் கற்களை நெருக்கி வைத்தால் போதும், தண்ணீர் தானாகக் கொதிக்கும். விறகு வேண்டாம், புகையும் இல்லை. நாற்பது குளிர்காலம் அந்தக் கற்களின் தயவில்தான் குட்டிகளும் குஞ்சுகளும் விறைக்காமல் பிழைத்தன. அதை மறக்கக் கூடாது, பிள்ளைகளே. நல்லது செய்ததை நல்லது செய்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் நாற்பது வருஷத்தில் குகை கிழடாகிவிட்டது. பாறையில் விரிசல் விட்டது. காட்டுத் தலைவரான யானையார் கூட்டம் போட்டு, "போதும், இதோடு நிறுத்திக்கொள்வோம்" என்றார். கற்களைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். கொதிப்பு அடங்கியது.

அணைந்துவிட்டது, விட்டது தொல்லை என்று காடே பேசிக்கொண்டது. அதுதான் இல்லை. கனல் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு காங்கை உண்டு. அதற்கு வாசனை கிடையாது. தொட்டால் சுடவும் சுடாது. ஆனால் அதன் பக்கத்தில் அதிக நேரம் நின்றால் முடி கொட்டும், இரை இறங்காது, உடம்பு நாளுக்கு நாள் தேய்ந்துபோகும். தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும்வரை காங்கை அடங்கிக் கிடக்கும், ஆனால் அந்தத் தண்ணீரிலும் அது ஊறிவிடும். ஒவ்வொரு கல்லாகத் தண்ணீருக்குள்ளேயே கல்பானையில் உருட்டி, வாயைக் களிமண்ணால் பூசி, உலர்ந்த மலைப்பொந்தில் கொண்டுபோய் அடைக்க வேண்டும். மூட்டுகிறபோது இதையெல்லாம் யார் நினைத்தார்கள்?

அக்கம்பக்கத்துக் காடுகளிலும் இதே கதைதான். எல்லாரும் ஒரே சமயத்தில் குழி மூட்டியவர்கள். எல்லாக் குழியும் ஒரே சமயத்தில் கிழடாயின. அதனால் கல் எடுப்பது என்று ஒரு புதுத் தொழிலே கிளம்பிவிட்டது. அதில் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தது ஒரு குள்ளநரி.

"யானையாரே, வேலையை என்னிடம் விடுங்கள். மழைக்குள் பன்னிரண்டு கல்லையும் எடுத்துக் காட்டுகிறேன்" என்றது நரி.

"அவ்வளவு அவசரம் வேண்டாமே" என்றார் யானையார்.

"உங்களுக்கு அவசரம் இல்லை. எனக்காக ஏழு காட்டு ஆட்கள் காத்துக்கிடக்கிறார்கள். இங்கே சீக்கிரம் முடித்துக் காட்டினால்தானே அவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள்?" என்று பல்லைக் காட்டியது நரி.

யானையார் அரைமனதோடு வேலையை நரியிடம் விட்டார். நரி வேலைக்குச் சேர்த்த ஆட்களில் சடைச்சி என்ற எறும்புதின்னி அழுங்கும் ஒருத்தி. உடம்பெல்லாம் செதிள், விரலெல்லாம் நகம். மண் பறிப்பதில் அவளுக்கு ஈடு கிடையாது. கற்களைச் சுற்றி நாற்பது வருஷச் சேறு பாறையாக இறுகிக் கிடந்தது. அதைக் கீறி எடுக்க அவளால்தான் முடிந்தது.

சடைச்சிக்கு நரியின் அவசரம் வேறு விதத்தில் பிடித்திருந்தது. குகைக்குக் கீழே ஓடுகிற ஓடைக்கரையில்தான் அவள் வளை. அந்த ஓடைத் தண்ணீரைத்தான் அவள் குட்டி குடிக்கிறது. பெருமழை பெய்து, விரிசல் வழியாகக் குழி பொங்கி, அந்தத் தண்ணீர் ஓடையில் கலந்துவிட்டால்? மழைக்கு முன்னால் எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தாள்.

வேலைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. அந்த மலையில் சுணங்கி என்று ஒரு செடி உண்டு. காங்கை பட்டால் அதன் இலை துவண்டு தொங்கிவிடும். உள்ளே போகிற ஒவ்வொருவரும் ஓர் இலையைக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். இலை துவண்டால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். அந்த ஆள் அடுத்த மழைக்காலம் முடியும்வரை குகைப் பக்கமே தலைகாட்டக் கூடாது. வெளியே வருகிறவர்களின் இலையைப் பார்ப்பதற்கென்றே வாசலில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். அதன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

ஐந்தாம் நாளே சடைச்சியின் இலை துவண்டுவிட்டது. மற்றவர்களைவிடக் கல்லுக்கு நெருக்கத்தில் நிற்பவள் அவள்தானே. முகம் வாடி வெளியே கிளம்பியவளைக் குகைத் திருப்பத்தில் நரி மடக்கியது.

"எங்கே போகிறாய், தங்கச்சி?"

"இலை சாய்ந்துவிட்டது அண்ணா. இனிமேல் அடுத்த வருஷம்தான்."

"அடுத்த வருஷமா? அதற்குள் மழை வந்து ஓடை நாசமாகிவிடாதா? உன் குட்டி எந்தத் தண்ணீரைக் குடிக்கும்?" என்று நரி குரலைத் தாழ்த்தியது. "உன்னிடம் மட்டும் சொல்கிறேன், வெளியே விடாதே. இந்தத் திருப்பத்தில் ஈரப்பாசிக்கு அடியில் புது இலை வைத்திருக்கிறேன். உள்ளே போகும்போது கழற்றி அங்கே வை. வரும்போது எடுத்துக் கட்டிக்கொள். இலை பச்சைப் பசேல் என்று இருக்கும். கொக்குக்கு என்ன தெரியும்?"

"தப்பு இல்லையா அண்ணா?"

"உனக்கு இருக்கிற செதிளுக்கு எந்தக் காங்கை உள்ளே போகும்? இந்த இலைக் கதையெல்லாம் தோல் மெலிந்தவர்களுக்கு."

சடைச்சி யோசித்தாள். குட்டியின் முகம் கண்ணுக்குள் வந்தது. துவண்ட இலையைக் கழற்றிவிட்டுப் பாசிக்கு அடியில் இருந்த புது இலையைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் முதல் உள்ளே போகும்போதெல்லாம் அதைக் கழற்றிப் பாசிக்கு அடியில் வைத்தாள்.

அவளைத் திட்டாதீர்கள் பிள்ளைகளே. அவள் சோம்பலுக்காகச் செய்யவில்லை, ஆசைக்காகவும் செய்யவில்லை.

அடுத்த இருபது நாளில் வேலை மளமளவென்று நடந்தது. நான்கு கற்கள் வெளியேறின. வாசலில் கொக்கு ஒவ்வோர் இலையாகப் பார்த்தது. எல்லா இலையும் இப்போதுதான் பறித்த மாதிரி இருந்தன. கொக்கு கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பியது. கண்ணுக்கு முன்னால் பச்சையாக இருப்பதை வாடியது என்றா சொல்ல முடியும்? எல்லாரையும் போகவிட்டது.

சடைச்சிக்கு இரை கசந்தது. எறும்புப் புற்றைப் பார்த்தாலே குமட்டியது. வேலைக் களைப்பு என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு நாள் மாலை அவள் வளைக்குத் திரும்பினாள். குட்டி வழக்கம்போல ஓடிவந்து அம்மாவின் வாலில் ஏறியது. அழுங்குக் குட்டிகள் அப்படித்தான் சவாரி போகும். வால் செதிளை இறுகப் பிடித்துக்கொள்ளும். இரண்டடி நடப்பதற்குள் பொத்தென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தாள். குட்டி கீழே கிடந்தது. அதன் கையில் அம்மாவின் செதிள் ஒன்று முழுசாகப் பெயர்ந்து வந்திருந்தது.

"அம்மா, நான் இழுக்கவில்லை. அதுவாகவே வந்துவிட்டது" என்றது குட்டி, பயந்துபோய்.

சடைச்சி குட்டியை அணைத்துக்கொண்டாள். எதற்காக இந்த வேலையை இழுத்துப் போட்டுச் செய்தாளோ, அந்தக் குட்டிக்குப் பிடித்துக்கொள்ள இடமில்லாமல் போய்விட்டதே. நாளை முதல் போவதில்லை, யாரிடமும் சொல்லாமல் நின்றுவிடலாம் என்று நினைத்துக்கொண்டே படுத்தாள். விடிவதற்குள் வாலில் இன்னும் பல செதிள்கள் உதிர்ந்திருந்தன.

மறுநாள் காலையில் காட்டுக்கே அழைப்பு வந்தது. குகை வாசலில் யானையார் நின்றார். தும்பிக்கையில் ஒரு கொத்துச் சுணங்கி இலை.

"நல்ல சேதி. இருபது நாளாக ஒருவர் இலைகூடத் துவளவில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? கற்கள் ஆறிவிட்டன. இனிமேல் குழிக்குத் தண்ணீர் எதற்கு? மதியமே அதை ஓடையில் வடித்துவிடுவோம். குழி காய்ந்ததும் குட்டிகளை எல்லாம் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவோம். நாற்பது வருஷம் நம்மைக் காப்பாற்றிய கல் அல்லவா, அவர்களும் தொட்டுக் கும்பிடட்டும்" என்றார்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். தண்ணீர் இல்லாவிட்டால் மிச்சக் கல்லை இரண்டே நாளில் உருட்டிவிடலாம்" என்றது நரி.

குட்டிகள் குதித்தன. சடைச்சியின் குட்டி எல்லாருக்கும் முன்னால் நின்றது.

சடைச்சி குட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அந்தத் தண்ணீர் ஓடைக்கு வரக்கூடாது என்றுதானே அவள் இலையைக் கழற்றினாள்? இப்போது அவள் காட்டிய பச்சை இலையே அதை ஓடைக்கு அனுப்பப் போகிறது. வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் குட்டி போகும்.

"யானையாரே, வடிக்காதீர்கள்" என்று முன்னால் வந்தாள். "கல் ஆறவில்லை. நான் இலையைக் குகைத் திருப்பத்திலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். என் வாலைப் பாருங்கள்."

எல்லாரும் வாலைப் பார்த்தார்கள். பாதிச் செதிள் இல்லை.

"யார் உன்னை இப்படிச் செய்யச் சொன்னது?" என்று கேட்டார் யானையார்.

"நரியண்ணன் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டது நான்தான்."

"அபாண்டம். வேலை செய்ய உடம்பு வணங்காமல் கதை கட்டுகிறாள்" என்று நரி சீறியது.

சடைச்சி நரியைத் திரும்பிப் பார்த்தாள். "சரி அண்ணா. கல் ஆறிவிட்டது என்கிறீர்கள். கழுத்தில் ஒரு புது இலை கட்டிக்கொண்டு, குழி விளிம்பில் நான் வேலை செய்கிற நேரம் மட்டும் நின்றுவிட்டு வாருங்கள். இலை துவளாவிட்டால் நான் சொன்னது பொய். மதியமே வடித்துவிடலாம்."

கொக்கு ஓர் இலையைக் கவ்வி நரியின் கழுத்தருகே நீட்டியது.

நரி இரண்டடி பின்வாங்கியது. "நானா? நான் வேலை எடுத்து நடத்துகிறவன். உள்ளே போவது என் வேலை இல்லை. அதுவும் இன்றைக்கு இடுப்பு வேறு பிடித்திருக்கிறது."

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் பின்னால் இருந்து பெருச்சாளி மெல்ல நடந்து வந்தது. தன் முதுகைத் திருப்பிக் காட்டியது. அங்கே ஒரு முடி இல்லை.

"என்னிடம் மட்டும் சொல்வதாக நரி சொன்னது" என்றது பெருச்சாளி.

"என்னிடமும் அப்படித்தான்" என்றது முள்ளம்பன்றி. அதன் உடம்பில் எண்ணிப் பத்து முள் இருந்தால் அதிகம். அதன் பின்னால் கீரி வந்தது, உடும்பு வந்தது. உள்ளே போய் வந்த ஒருவர் பாக்கியில்லை. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்துப் பக்கத்தில் நின்றவருக்குத் தெரியாமல் உடம்பை மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

யானையார் தும்பிக்கையில் இருந்த இலைக்கொத்தைக் கீழே போட்டார்.

"தண்ணீர் நிற்கட்டும்" என்றார். "விரிசலுக்கு நானும் என் கூட்டமும் இன்றைக்கே கரை கட்டுகிறோம். கல் எடுப்பது என் பேரன் காலம்வரை நடந்தாலும் நடக்கட்டும்."

நரி எப்போது நழுவியது என்று யாரும் கவனிக்கவில்லை. ஆனால் கொக்கு ஏழு காட்டுக்கும் பறந்துபோய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வந்தது.

அந்த மழைக்குக் குழி பொங்கவில்லை, கரை தாங்கியது. இப்போது அங்கே வருஷத்துக்கு ஒரு கல்தான் வெளியே வருகிறது. சடைச்சியின் குட்டி ஓடையில் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கிறது. குடித்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் நடந்தே வீட்டுக்கு வருகிறது.

நீதி: எச்சரிக்கையை ஒளித்து வைத்தால் ஆபத்து ஒளிந்துகொள்ளாது.