கூழைக்கடாவிடம் விட்டுப்போன மீன்கள்

கடலோரச் சவுக்குக் காட்டில் பஞ்சுவாலன் என்றொரு கீரி இருந்தான். கல்யாணத் தரகு அவன் தொழில். எந்த வளையில் பெண் இருக்கிறது, எந்தப் புதரில் மாப்பிள்ளை இருக்கிறான் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. உடும்புக்கு உடும்பும் முயலுக்கு முயலும் பார்த்துப் பேசி முடிப்பான். அதனால் மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான்.

அந்தக் காட்டை ஒட்டிக் கடற்கரையில் ஒரு பெரிய பாறை. அதன் உச்சியில் அண்டா அளவுக்கு ஒரு குழி. போன புயலில் அலை பாறைமேல் ஏறி இறங்கியபோது குழியில் கடல் தண்ணீர் தங்கிவிட்டது. அதோடு இரண்டு கோமாளி மீன்களும், பூப்போல விரல் விரித்து ஆடும் ஒரு கடல் சாமந்தியும், ஒரு சங்கு நண்டும் தங்கிவிட்டன.

அவற்றைக் கடலில் விட்டுவிடலாம் என்றுதான் பஞ்சுவாலன் முதலில் நினைத்தான். ஆனால் சாமந்தி பாறையை விடவில்லை. சாமந்தியை மீன்கள் விடவில்லை. நண்டோ, "இங்க அலையும் கிடையாது, ஆளும் கிடையாது. நான் எங்கயும் வரல" என்று சொல்லிவிட்டது.

பார்க்கப் பார்க்கப் பஞ்சுவாலனுக்கு அந்தக் குழிமேல் ஆசை வந்துவிட்டது. ஊரில் இருக்கும் நாட்களில் இறாலைக் கிள்ளிக் கிள்ளிப் போடுவான். வெயிலில் தண்ணீர் வற்றினால், தாழம்புதர் ஊற்றிலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவான். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிற மீன்கள் சாமந்திக்குள் புகுந்து புறப்படுவதைப் பார்த்தபடியே பொழுதைப் போக்குவான்.

"பாம்பு தின்கிறவனுக்கு மீன் வளர்க்க ஆசையா?" என்று காட்டில் கேலி பேசினார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கோடை வந்தது. மலையடிவாரத்தில் ஒரு முள்ளம்பன்றிச் சம்பந்தம் கூடி வந்தது. பெரிய இடம். போனால் உடனே திரும்ப முடியாது. குழியை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? தண்ணீர் சுமக்கத் தெம்புள்ள ஆள் வேண்டும். பஞ்சுவாலன் யோசித்து யோசித்துப் பார்த்தான். காட்டில் அதற்குத் தகுந்தவள் ஒருத்திதான். பூவரச மரத்தில் குடியிருந்த கூழைக்கடா, கூடைவாயி. அவள் அலகுக்குக் கீழே தொங்கும் பை ஒரு குடம் தண்ணீர் கொள்ளும். ஆனால் அதே பை ஒரு கூடை மீனும் கொள்ளும்.

வேறு வழியில்லாமல் அவளிடமே போய் நின்றான்.

"அக்கா, நான் வெளியூர் போறேன். பாறைக் குழியைக் கொஞ்சம் பாத்துக்கிடணும்."

"அதுக்கென்ன தம்பி, பாத்துக்கிடுதேன். பிள்ளைங்கல்லாம் பறந்து போயிட்டுது. சும்மாதான இருக்கேன்."

"மீனைத் தின்னக் கூடாது."

"தின்ன மாட்டேன்."

"சத்தியம் பண்ணுங்க."

கூடைவாயி சத்தியம் செய்தாள். அவனுக்குத் திருப்தியில்லை. கடல்மேல் ஒன்று, பூவரச மரத்தின்மேல் ஒன்று, பிள்ளைகள்மேல் ஒன்று என்று சத்தியம் வாங்கினான். பசித்தாலும் தின்னக் கூடாது, மறந்தும் தின்னக் கூடாது, தவறி வாயில் விழுந்தாலும் விழுங்கக் கூடாது என்று விதம் விதமாகச் சொன்னான். பொழுது சாய்ந்துவிட்டது.

கிளம்பும்போதுதான் தண்ணீர் ஞாபகம் வந்தது. "பாறையில ஒரு கோடு இருக்கு பாருங்க. தண்ணி அதுக்குக் கீழ இறங்காமப் பாத்துக்கிடுங்க" என்று நடந்துகொண்டே சொன்னான்.

போகும் வழியில் பாறைமேல் ஏறி மீன்களையும் நண்டையும் தனியாக எச்சரித்தான். "அவ வந்தா தலையைக் காட்டாதீங்க. பேச்சுக் கொடுத்தா பதில் பேசாதீங்க. பேசினா இருக்கிற இடம் தெரிஞ்சுபோகும்."

மலையடிவாரத்தில் பெண் வீடு நிறைய முள்ளம்பன்றிகள் கூடியிருந்தன. மாப்பிள்ளையின் அம்மா ஒரு பக்கம், பெண்ணின் அம்மா ஒரு பக்கம். நடுவில் பஞ்சுவாலன். வாய் மாப்பிள்ளையின் பெருமையைப் பேசியது. மனம் பாறையிலேயே கிடந்தது. கண்ணை மூடினால் கூடைவாயியின் அலகு திறந்து திறந்து மூடியது.

அந்த நேரம் பார்த்துக் கடற்கரையிலிருந்து ஓர் ஆலாப் பறவை வந்து மரக்கிளையில் உட்கார்ந்தது.

"நம்ம கரையில என்ன சேதி?" என்று பஞ்சுவாலன் கேட்டான்.

"சேதி ஒண்ணுமில்ல தரகரே. கூடைவாயிதான் உங்க பாறையே கதின்னு கிடக்கா. விடிஞ்சதும் வாறா. குழிக்குள்ள தலையை விட்டு வாயை ஆன்னு திறக்கா. வெயில் ஏறினதும் மறுபடி வந்து திறக்கா" என்றது ஆலா.

பஞ்சுவாலன் ஆலாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே சமயத்தில் பெண்ணின் அம்மா கேட்டாள். "மாப்பிள்ளை குணம் எப்படி தரகரே? சாதுதானே?"

"எங்க சாது? வாயைத் திறந்தா ஒண்ணும் மிஞ்சாது" என்றான் பஞ்சுவாலன்.

பெண்ணின் அப்பாவுக்கு முள் சிலிர்த்தது. "என்ன சொல்றீரு?"

"சத்தியம் பண்ணிட்டு முழுசா முழுங்குற ஆளு. நம்பிக் கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"எம் பையனையா சொன்னீரு?" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள். அந்த வீட்டில் இருந்த அத்தனை முள்ளும் நட்டுக்கொண்டு நின்றன. பஞ்சுவாலன் விளக்கம் சொல்ல நிற்கவில்லை. அவர்கள் காலுக்கிடையில் புகுந்து வெளியே வந்து, கடற்கரையைப் பார்த்து ஓட்டம் எடுத்தான்.

மறுநாள் உச்சி வெயிலில் பாறைக்கு வந்து சேர்ந்தான். கூடைவாயி குழி ஓரத்தில் நின்று அலகைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வா தம்பி. கோட்டுக்குக் கீழ ஒரு விரல்கூட இறங்க விடல, பாரு."

பஞ்சுவாலன் எட்டிப் பார்த்தான். தண்ணீர் கோடு வரைக்கும் தளும்பியது. சாமந்தி விரல்களை உள்ளிழுத்துக்கொண்டு வதங்கிய நெல்லிக்காய் போலக் கிடந்தது. மீன்களைக் காணவில்லை.

"தின்னுட்டீங்க" என்றான்.

"தம்பி?"

"வாயைத் திறங்க."

அவள் திறந்தாள். பையின் ஓரத்தில் ஒரு செதில் மின்னியது.

"இது என்னது?"

"சாளை மீன் செதிலு. காலையில கடல்ல சாப்பிட்டேன். உன் மீனு ஆரஞ்சு நிறமில்ல?"

அவன் எதையும் கேட்கும் நிலையில் இல்லை. "மீன் தின்னுறவகிட்ட மீனைக் கொடுத்துட்டுப் போன என் புத்தியைச் சொல்லணும். பிள்ளைங்கமேல சத்தியம் பண்ணினீங்களே" என்று கத்தினான்.

கூடைவாயி அலகை மூடிக்கொண்டாள். திரும்பிச் சிறகை விரித்தாள்.

அப்போது குழிக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அண்ணாச்சி, சண்டையைப் பிறகு வச்சுக்கிடலாம். நாங்க இங்க செத்துக்கிட்டிருக்கோம்."

சங்கு நண்டு பாதி தலையை நீட்டியிருந்தது. அதன் பின்னால் பாறை இடுக்கில் இரண்டு மீன்களும் வாயைத் திறந்து திறந்து மூடி, சாய்ந்து கிடந்தன.

"யாரும் எங்களைத் தின்னல. தண்ணிதான் கரிக்கி. தாங்க முடியல."

பஞ்சுவாலன் தண்ணீரை நக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான். குழி ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததை அப்போதுதான் கவனித்தான்.

"அக்கா, இதில எந்தத் தண்ணியை ஊத்தினீங்க?"

"கடல் தண்ணிதான். கடல் மீனுக்குக் கடல் தண்ணிதான வேணும்? கரையில கலங்கலா இருக்குன்னு அலைக்கு அப்பால போய் நல்லதா அள்ளிட்டு வந்தேன். தினமும் ஊத்தினேன். அதுக வெளியில வராம ஒளிஞ்சுக்கிட்டேயிருந்துதா, தண்ணி பத்தலையோன்னு இன்னும் ஊத்தினேன்."

வெயில் தண்ணீரை மட்டும்தான் குடிக்கும். உப்பு அப்படியே குழியில் கிடக்கும். அதன்மேல் கடல் தண்ணீரை ஊற்றினால் உப்புக்கு மேல் உப்பு. இது பஞ்சுவாலனுக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? அவன் எங்கே சொன்னான்?

"நீயாவது அவங்ககிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று நண்டிடம் பாய்ந்தான்.

"அவங்க முன்னால வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?" என்றது நண்டு.

பஞ்சுவாலன் சிரட்டையைத் தூக்கினான். ஊற்று தூரத்தில் இருந்தது. அவன் நடையில், அந்தச் சிரட்டையில், குழியைக் காப்பாற்ற முடியாது என்பது பார்த்த உடனே தெரிந்தது. சிரட்டையைக் கீழே வைத்தான்.

"அக்கா" என்றான்.

"சொல்லு."

"தப்பு என்மேலதான். வேலையைச் சொல்லாம சத்தியம் மட்டும் வாங்கிட்டுப் போயிட்டேன். வந்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க."

கூடைவாயி விரித்த சிறகை மடக்கிக்கொண்டாள்.

"அது மனசுல இருக்கத்தான் செய்யும். மீனுக்கு என்ன செய்யணும், அதைச் சொல்லு. இந்தத் தடவை முழுசாச் சொல்லு."

இருக்கிற கரிப்புத் தண்ணீரில் கொஞ்சம் எடுக்க வேண்டும், ஊற்றிலிருந்து அதே அளவு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவன் சொன்னான். "ஒரேயடியா ஊத்தினா அந்த மாத்தத்துலயே செத்துருவோம். கொஞ்சம் கொஞ்சமா" என்று நண்டு சேர்த்துச் சொன்னது.

கூடைவாயி குழிக்குள் அலகை விட்டாள். பஞ்சுவாலனின் வால் பஞ்சாகப் புடைத்தது. அலகு மேலே வந்தபோது பைக்குள் தண்ணீரோடு ஓர் ஆரஞ்சுப் புள்ளி மிதந்தது. நீந்தத் தெம்பில்லாத மீன் அள்ளிய நீரோடு ஏறிவிட்டது. அவனுக்குத் தொண்டை வரைக்கும் ஒரு சொல் வந்தது. அதை விழுங்கிவிட்டு, அசையாமல் நின்றான்.

அவள் அலகை மெதுவாகச் சாய்த்தாள். தண்ணீரும் மீனும் குழிக்குள் வழிந்தன.

"ஒருத்தி ஏறிட்டா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அள்ளினாள்.

அன்று மாலை வரை அவள் ஊற்றுக்கும் பாறைக்குமாகப் பறந்தாள். ஒவ்வொரு தடவையும் பஞ்சுவாலன் நக்கிப் பார்த்து அளவு சொன்னான். அவளும் நக்கிப் பார்த்துக்கொண்டாள். வெயில் தாழ்ந்தபோது மீன்கள் நிமிர்ந்து நின்றன. மறுநாள் காலையில் சாமந்தி ஒரு விரலை நீட்டியது. பிறகு இன்னொன்றை நீட்டியது.

முள்ளம்பன்றிச் சம்பந்தம் முறிந்ததுதான் மிச்சம். பஞ்சுவாலன் நேரில் போய் மன்னிப்புக் கேட்டான். அவனை வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து ஓர் உடும்பு வீட்டுக் கல்யாணத்துக்காக வெளியூர் போக வேண்டிவந்தது. இந்த முறை பஞ்சுவாலன் காலையிலேயே கூடைவாயியைப் பாறைக்கு அழைத்து வந்தான். எந்தத் தண்ணீர், ஏன் அந்தத் தண்ணீர், நாக்கில் எப்படி இருந்தால் சரி, இறால் எவ்வளவு போட்டால் போதும் என்று ஒன்று விடாமல் சொன்னான். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொன்னான். சத்தியம் கேட்கவில்லை. மீன்களிடமும் நண்டிடமும், "ஒரு குறைன்னா அக்காகிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க" என்றான்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. விருந்தில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நிதானமாக ஊர் திரும்பினான். மீன்கள் கூடைவாயியின் அலகு நிழலில் விளையாடிக்கொண்டிருந்தன. அவனைப் பார்த்ததும் அவள் பெருமூச்சு விட்டாள்.

"மீனு ரெண்டும் தங்கம், தம்பி. இந்த நண்டுதான் நீ போனதுலயிருந்து வாயை மூடல. தண்ணி சூடு, இறால் சின்னது, என் நிழல் அதும்மேல விழுது. அடுத்த தடவை இதை மட்டும் நீ கூடக் கூட்டிட்டுப் போயிரு."

ஒருவரை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தால், சந்தேகத்தைச் சொல்லி மிரட்டுவதைவிட வேலையைத் தெளிவாகச் சொல்லிக் கொடுப்பதுதான் நம் பொருளைக் காக்கும்.