ஜன்னலோரக் கட்டில்

இது ஒரு கட்டில் வழக்கு. தீர்ப்பு உங்களுடையது. முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தூத்துக்குடி கஸ்பார் முப்பத்தோரு வருஷம் கப்பலில் வேலை பார்த்தவர். எல்லாம் என்ஜின் அறையில். அங்கே ஜன்னல் ஏது? உலகமெல்லாம் சுற்றினார்; கடலை உட்கார்ந்து பார்த்ததில்லை.

அவர் மனைவி தெக்லா கப்பலில் கால் வைத்ததே இல்லை. ஒவ்வொரு விடுப்பு முடிந்து கிளம்பும்போதும் கஸ்பார், "அடுத்த தடவை ஒன்னயும் கூட்டிட்டுப் போறேன்ட்டி" என்பார். அடுத்த தடவை வரவில்லை. ஓய்வுதான் வந்தது. தெக்லாவுக்கு அப்போது அறுபத்திரண்டு. அவளுக்கு ஒரே பிடிவாதம். புருஷனை இத்தனை வருஷம் வாங்கி வைத்துக்கொண்ட அந்தக் கடலை, படுத்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாக ஒரு முழு ராத்திரி பார்த்துவிட வேண்டும்.

மார்ச் மாதம் விளம்பரம் வந்தது. டிசம்பரில் சென்னையிலிருந்து ஒரு சொகுசுக் கப்பல். மூன்று ராத்திரி கடலில். மூன்றாவது ராத்திரி விடியும்போது திரும்பவும் துறைமுகம்.

உடனே பதிவு செய்துவிடுவோம் என்றாள் தெக்லா. கஸ்பார் சிரித்தார். கப்பலைப் பற்றி எனக்கே சொல்கிறாயா என்றார். அறை காலியாகப் போனால் கம்பெனிக்கு நஷ்டம், கடைசி வாரம் பாதி விலைக்குக் கூவி விற்பார்கள், பொறு என்றார். பொறு என்பது அவளுக்குப் பழகிய சொல். இந்தத் தடவை அது தொண்டைக்குள் இறங்கவில்லை.

அவள் சண்டை போடவில்லை. அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று. மூன்று ஓலையும் முடிந்தபிறகு வாய் திறப்பவனை ஊர் மதிக்காது. தெக்லா அந்த வழியைப் பிடித்தாள்.

முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்து கறிக்குழம்பு ஊற்றும்போது சொன்னாள்: "டிசம்பர் கப்பல்ல நான் போறேன். ஜன்னல் வச்ச அறை, ரெண்டு கட்டில். கூட வாறவுக சொல்லலாம். இது மொத ஓலை."

கஸ்பார் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். எதிரே அவர் தங்கை பெர்பெத். கல்யாணம் செய்துகொள்ளாதவள். அண்ணன் கடலில் இருந்த காலமெல்லாம் அந்த வீட்டில் தெக்லாவுக்குத் துணையாக இருந்தவள். "மைனி, நான் வாறேன்" என்றாள். இன்னும் இரண்டு ஓலை இருக்கிறது, முதல் உரிமை உன் அண்ணனுக்கு என்று தெக்லா அவளை நிறுத்தி வைத்தாள்.

இரண்டாம் ஞாயிறு கஸ்பார் செய்தித்தாளைத் திருப்பிப் படித்தார். மூன்றாம் ஞாயிறு மட்டும் பேசினார்: "படுத்தா கண்ண மூடத்தான போற, ஜன்னல் எதுக்குட்டி?"

திங்கட்கிழமை தெக்லா பதிவு செய்துவிட்டாள். முழு விலை. ஒரு கட்டில் அவள் பேரில், மற்றது பெர்பெத் பேரில். சீட்டை ஒளித்து வைக்கவில்லை. மாதா படத்தின் கீழே எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள். கஸ்பார் பார்த்தார். கம்பெனிக்காரனுக்கு நல்ல வேட்டை என்று கேலி செய்தார்.

டிசம்பர் வந்தது. கடைசி வாரம் விலை பாதியானது. கஸ்பார் சொன்னது அப்படியே பலித்தது, அதை மறுப்பதற்கில்லை. மீசையை நீவிக்கொண்டு போய்த் தனக்கு ஒரு சீட்டு வாங்கினார். மிச்சமிருந்தது கீழ்த்தளத்து அறைகள்தான். நாலு பக்கமும் சுவர். தரைக்கு அடியில் என்ஜின் உறுமும்.

கப்பல் கிளம்பிய சாயங்காலம், பெட்டியோடு மேல்தளத்துக்கு ஏறி வந்து தெக்லாவின் அறை வாசலில் நின்றார். அறை மாற்றிக்கொள்ள எல்லாருக்கும் சம்மதமென்றால் கப்பல்காரர்களுக்கு ஆட்சேபணை இல்லையாம், கேட்டு வந்திருக்கிறார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அறையில் இருப்பதுதானே முறை, தங்கச்சி கீழே போகட்டும் என்றார். அப்புறம் குரல் இறங்கியது.

"முப்பத்தோரு வருஷம் பெர்பெத்து. எனக்கும் ஒரு ஜன்னல் இருந்ததில்ல."

அது பொய்யில்லை. பெர்பெத் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "என் பேர்ல போட்ட கட்டில்ணே" என்றாள். ஆனாலும் கை தன் பையைத் தேடியது.

தெக்லா எழுந்து வாசலை மறித்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல் முழுக்கக் கடல்.

இப்போது சொல்லுங்கள். மூன்று ஓலை முடிந்து கடைசி வாரத்தில் வந்த கணவருக்கா, முதல் ஓலையிலேயே வருகிறேன் என்ற தங்கைக்கா, அந்த இரண்டாவது கட்டில் யாருக்கு?

விடை: பெர்பெத்துக்கு. விலை விஷயத்தில் கஸ்பார் சொன்னது சரி. அவர் கேட்ட விலை அவருக்குக் கிடைத்தது. கடைசி நேரம்வரை காத்திருப்பவன், மிச்சம் கிடப்பது போதும் என்று ஒத்துக்கொண்டவன். ஜன்னலை அவர் மூன்றாம் ஞாயிறு தன் வாயாலேயே வேண்டாமென்றார். புருஷன் உரிமை பெரியதுதான். அதை அடுத்த தடவைக்கு என்று தள்ளித் தள்ளி வைத்தவரும் அவரே. தெக்லா பெர்பெத்தின் பையைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டாள். "தெனம் காலைல ஒரு தடவை வந்து கேளுங்க. மூணாவது ஓலைக்குக் கதவத் திறக்கேன்" என்றாள். கஸ்பார் தினமும் வந்து கேட்டார். மூன்றாம் நாள் காலை கதவு திறந்தது. ஜன்னலில் துறைமுகத்துக் கிரேன் நின்றது.