படிக்குப் படி உப்பு

ஒரு ஊர்ல, கடலை ஒட்டினாப்புல, மாடத்தின்னு ஒரு உப்புக்காரி இருந்தாளாம். அவளுக்கு ஒரே மக, அந்த மக மடியில பத்து நாள் பச்சப்புள்ள. மாடத்தி வெள்ளிக்கெழமை சந்தைக்குப் போவா, ஒரு படி உப்பு அளந்து போட்டு ஒரு படி நெல்லு வாங்கியாருவா, அந்தக் கஞ்சியில மூணு உசுரும் கெடக்கும்.

அதப் பாத்த மந்திரி வெண்ணிமலைக்கு ஒரு யோசனை வந்துச்சு. ராசாகிட்டப் போயி, "ராசா, உப்பு கடல்ல சும்மா கெடக்கு. அத அள்ளிக் குடுத்துட்டு நெல்லு வாங்குறா, இது ஏமாத்து. சந்தைய மூடுங்க. அவங்கவங்களுக்கு வேணுங்கிறத அவங்கவங்களே செஞ்சுக்கட்டும்"னான். ராசா நல்லவருதான், ஆனா யாரு என்ன சொன்னாலும் நம்புற ஆளு. தண்டோரா போட்டுட்டாரு.

மொத வாரம் ஊருச் சோத்துல உப்பில்ல. ரெண்டாவது வாரம் ஒடஞ்ச சட்டிக்கு வேற சட்டியில்ல. மூணாவது வாரம் மாடத்தி வீட்ல உப்பு கூரை முட்டக் கெடக்கு, ஒரு மணி நெல்லு இல்ல. உப்பத் தின்னா பால் சுரக்குமா, நீங்களே சொல்லுங்க? பச்சப்புள்ள அழக்கூடத் தெம்பில்லாமக் கெடந்துச்சு.

அந்தத் திருட்டு மந்திரி கொல்லவாசலத் தொறந்து வெச்சு, "அஞ்சு படி உப்பு போடு, ஒரு படி நெல்லு தாரேன்"ங்கிறான். நெல்லுக்காரன் வந்தா, "அஞ்சு படி நெல்லு போடு, ஒரு படி உப்பு தாரேன்"ங்கிறான்.

"இன்னைக்கு அஞ்சும்பான், நாளைக்குப் பத்தும்பான்"னு மாடத்தி அவன்கிட்ட அளக்காம அரமனைக்கு ஓடி அத்தனையும் சொல்லிட்டு, "ராசா, ஒங்க சட்டம் ஒங்களுக்கும் உண்டா?"ன்னா.

"ஏன் இல்லாம?"

"அப்ப நாளைக்கு ஒரே ஒரு வேளை, அடுத்தவங்க கைபடாத சோத்த நீங்களே ஆக்கிச் சாப்புடுங்க."

ராசா ரோசக்காரரு. விடிஞ்சதும் நெல்லுல கை வெச்சாரு, அது உழுதவன் குடுத்தது. பானையில கை வெச்சாரு, அது குயவன் வனைஞ்சது. சரி, உப்பாவது அள்ளுவோம்னு கடலுக்குப் போனா, அங்க வெறும் தண்ணி! மாடத்தி சொன்னா, "பாத்தி கட்டணும், கடத்தண்ணி எறைக்கணும், அது வெயில்ல காயணும், அப்புறம் கால் வெந்து வாரணும் ராசா."

பொழுதுசாய ராசாவுக்குப் பசி கண்ணக் கட்டுச்சு. "தாயி, நான் தின்ன ஒவ்வொரு வாய்லயும் இத்தன பேரு கை இருந்திருக்கே, ஒருத்தருக்கும் ஒரு கும்புடு போட்டதில்லையே!"ன்னு அழுதுட்டாரு. அப்பவே சந்தையத் தொறக்கச் சொன்னாரு. மாடத்தி ஒரு படி நெல்லோட ஓடுனா, மக கஞ்சி குடிச்சா, பால் ஊறுச்சு, புள்ள வீல்னு கத்துச்சு. அந்தச் சத்தத்தக் கேட்டு மாடத்தி உழுதவன் இருக்கிற தெசையப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டா.

மந்திரிக்கு? "நீ சொன்ன சட்டம் ஒரு மாசத்துக்கு ஒனக்கு மட்டும்"னுட்டாரு ராசா. மூணாம் நாள் அவன் மாடத்தி வாசல்ல வந்து நின்னான், "ஆத்தா, ஒருவாய் கஞ்சி". அவ உப்புப் போட்டே ஊத்துனா.

யாருக்கு என்ன வேணும், யாருகிட்ட என்ன இருக்கு, அது எப்படிக் கைமாறுது, இதத்தான் பொருளாதாரம்னு காலேஜ்ல வருசக்கணக்காப் படிக்கிறாங்களாம். படிங்க, நல்லாப் படிங்க. இப்ப கதையும் தீந்துச்சு, பானையில கஞ்சியும் தீந்துச்சு. ஆக்கிப் போட்ட கைக்கெல்லாம் ஒரு கும்புடு போட்டுட்டு எந்திரிங்க.